இன்னொரு வான் தேவையா?

சுற்றுலாச் சீசன் தொடங்கினால் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாகனம் ஓடுபவர்களிடம் ஒரே பேச்சு: "ஓட்டம் கூடிப்போச்சு, லீசிங்கில இன்னொரு வான் எடுக்கத்தான் வேணும்." பலருக்கு அந்த வான் தேவையே இல்லை என்பது என் கருத்து.

ஒரு நாளில் எத்தனை ஓட்டம் என்பதை விடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை என்று பாருங்கள். புறாத்தீவுக்குப் போகும் கூட்டத்தை 7 மணிக்கு ஏற்றவேண்டும் என்றால் 7 மணிதான், தள்ளிப்போட முடியாது. வண்டிகள் எல்லாம் ஒரே வகை என்றால், அதிகபட்சம் எத்தனை ஓட்டம் ஒன்றோடொன்று மோதுகிறதோ அத்தனை வண்டி போதும். (திரும்பி வரும் நேரத்தையும் ஓட்டத்தோடு சேருங்கள்.) 1954இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்கள் இந்த வகைக் கணக்கைப் போட்டது எண்ணெய்க் கப்பல்களுக்கு. சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது தூரத்து விஷயம் இல்லை.

வானும் ஓட்டோவும் கலந்து வைத்திருக்கும்போதுதான் காசு வீணாகிறது. கூட்டமாக வருபவர்களுக்கு வான்தான் வேண்டும். ஒருவர் இருவர் என்றால் எதிலும் போகலாம். இப்படி ஒரு நாளை எடுங்கள்: வான் ஓட்டம் 7–9, 8–10, மாலை 3–5. சின்ன ஓட்டம் 10–12, 10.30–1, மாலை 3–4. வகை வகையாகப் பிரித்து எண்ணினால் 2 வானும் 2 ஓட்டோவும் வேண்டும். சேர்த்துப் பார்த்தால் 2 வானே எல்லாவற்றையும் முடித்துவிடும், ஏனென்றால் சின்ன ஓட்டங்கள் வரும் நேரத்தில் வான் சும்மா நிற்கிறது. டீசல் கூடப் போகும்தான். அதை இரண்டு ஓட்டோவின் தவணையோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் எந்தச் சின்ன ஓட்டத்தை வானுக்குக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். காலை 7.30இலிருந்து மாலை 4 வரை இழுக்கும் ஒருவரை வானில் ஏற்றிவிட்டால் 8 மணிக் கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியதுதான். வான் நுழைய முடியாத ஒழுங்கை ஓட்டங்களும் இருக்கின்றன. வானுக்கு மட்டும், ஓட்டோவுக்கு மட்டும், எதிலும் போகலாம் என்ற இந்த மூன்று வகை வேலைக்கும் இரண்டு வகை வண்டியை மிகக் குறைந்த செலவில் எத்தனை வைப்பது என்பதைக் கணினி விரைவாகவே கண்டுபிடிக்கும். டொண்டெட்டி, எம்மன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1992இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். வண்டி வகைகள் கூடி, இந்த வேலைக்கு இன்னின்ன வண்டிதான் என்ற நிபந்தனைகளும் பெருகினால் கணக்கு மிகக் கடினமாகிவிடும். எங்கள் தரிப்பிடங்களில் அந்தத் தொல்லை இல்லை.

லீசிங் பேப்பரில் கையெழுத்து வைக்க முன் ஒரு வாரத்து ஓட்ட விபரத்தை எழுதி வையுங்கள். இன்பொக்ஸில் அனுப்பினால் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.