பத்துக்குப் பத்து பனி

என் மாணவி ஒருவர் அண்டார்க்டிகாவின் ஷிர்மாக்கர் ஒயாசிஸ் ஏரிகளின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட வண்டலில் ஆய்வு செய்கிறார். அந்த ஏரிகளை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் அமைந்துள்ள அந்தப் பாறை மேட்டிலிருந்து கப்பலேறி வந்த மண், எங்கள் துறையின் குளிர்பதனப் பெட்டியில் எண் எழுதிய சிறு பைகளில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஸ்கார் எனப்படும் அண்டார்க்டிக் ஆராய்ச்சிக்கான அறிவியல் குழுவின் பத்தாவது திறந்த அறிவியல் மாநாட்டை இந்தியா ஏற்று, கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில் முழுக்க இணையவழியில் நடத்தியபோது, அவர் ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் தாள் ஒட்டிய ஆய்வகத்தில் அமர்ந்து தன் முதல் உரையை நிகழ்த்தினார்.

உரை நன்றாகத்தான் போயிற்று. கேள்வி நேரத்தில்தான் தடுமாறினார். பிற்பகல் மூன்றரை மணி. சிலியில் விடியற்காலை ஆறு. தனக்குப் பின்னால் ஜன்னல் இருட்டாகத் தெரிய, அங்கிருந்து ஒருவர் வேகமான ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். "நன்றி, சரிபார்க்கிறேன்" என்பதற்கு மேல் இவருக்கு வாய் வரவில்லை, நேரமும் முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து நியூசிலாந்திலிருந்து ஒரு கேள்வி எழுத்தில் வந்தது. பனி உருகிய நீரில் கலந்திருக்கும் பழைய கார்பன், கார்பனைக் கொண்டே கணிக்கும் ஏரி வண்டலின் வயதை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுமே, அதை எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மாணவி ஓர் இரவு எடுத்துக்கொண்டார். மேற்பரப்பு வண்டலின் வயதைத் தனியே கணித்து, அதைக் கீழ் அடுக்குகளின் வயதிலிருந்து கழித்த முறையை வரைபடத்தோடு நான்கு பத்திகளில் விளக்கினார். அரங்கில் கைதட்டலுக்கும் தேநீர் இடைவேளைக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் அந்தப் பதிலை அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலரால் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அன்றுமுதல் இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இந்த மாநாடு, ஒன்றுவிட்டு ஒன்று முழுக்க இணையத்தில் நடக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தின் தற்காலிக ஏற்பாடாக இல்லாமல், விரும்பித் தேர்ந்தெடுத்த முறையாகவே நடக்க வேண்டும்.

பிற துறைகளைவிடத் துருவ ஆய்வாளர்களுக்கு இதில் கூடுதல் கடமை இருக்கிறது. 2016இல் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் இருவரும் வெளியிட்ட கணக்கின்படி, வெளியாகும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஆர்க்டிக்கின் செப்டம்பர் மாதக் கடற்பனியில் சுமார் 3 சதுர மீட்டர் காணாமல் போகிறது. 2019 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் கூட்டிய பெருங்கூட்டத்துக்குப் போய்வந்த பயணங்கள் மட்டும் ஏறத்தாழ 80,000 டன் கரியமில வாயுவை வெளியிட்டதாக, ஆளுக்குச் சராசரியாக 3 டன் என்று, பின்னர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு டன்னுக்கு 3 சதுர மீட்டரை இந்த 3 டன்னால் பெருக்கினால் தலைக்கு 9 சதுர மீட்டர் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் அது பத்துக்குப் பத்து அறை. பனி உருகுவதைப் பற்றிப் பேசப் போகிறவர், தான் குடியிருக்கும் அறையளவு பனியை வழியிலேயே உருக்கிவிட்டுப் போகிறார்.

பணமும் விசாவும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் பட்டதுதான். 2024 மாநாடு சிலியின் புகோனில் நேரில் நடந்தது. விமானக் கட்டணத்தை மட்டும் விசாரித்தோம். மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகையில் ஏறத்தாழ ஐந்து மாதத் தொகை. மாணவி அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பைகளுக்கு எண் எழுதப் போய்விட்டார்.

நேரில் கூடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. துருவ ஆய்வு தனி ஆளால் ஆகிற காரியமன்று. கப்பலில் இடம், துளையிடும் கருவி, மாதிரியில் பங்கு என ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரை நாட வேண்டியிருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய இண்ட்ஆர்க் எனும் கடல் கண்காணிப்புக் கருவித்தொகுதியை 2014இல் ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியின் நீரில் இறக்கியது நார்வே துருவ நிறுவனத்தின் லான்ஸ் கப்பல். இத்தகைய ஒத்துழைப்புக்கு வேண்டிய நம்பிக்கை ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில்தான் பெரும்பாலும் வளர்கிறது. ஆய்வை ஒரே தாளில் எழுதிக் காட்டி விளக்கும் சுவரொட்டி அமர்வோ, இணைய மாநாட்டில், சொல்லப்போனால், ஆளில்லாத கடைதான். அடுத்த சுவரொட்டிக்கு நகரும் வழியில் தற்செயலாக நின்று பேசுகிற ஒருவர் அங்கே கிடைப்பதில்லை. அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று என்கிறேன்.

ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தும் கலப்பு முறையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பந்தியில் இடமில்லாதவருக்குத் திண்ணையில் இலை போடுவது போன்றது அது. அரங்கில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். ஒலிவாங்கிக்கு எட்டாத கேள்விக்குச் சொல்லப்படும் பதிலைத் திரையில் இருப்பவர் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கையை உயர்த்தியதை நெறியாளர் கவனிப்பதற்குள் அமர்வு முடிந்திருக்கும். அனைவரும் திரையில் இருந்தால் அனைவருக்கும் ஒரே அளவுப் பெட்டிதான்.

நேர வேறுபாடு உண்மையான இடையூறு என்பதை மறுக்க முடியாது. நமக்கு மூன்றரை மணியாக இருந்தபோது நியூசிலாந்தில் இரவு பத்து, கலிஃபோர்னியாவில் அதிகாலை மூன்று. தீர்க்கரேகைகள் அத்தனையும் ஒன்றாய்ச் சேரும் தென் துருவத்தில் உள்ள அமெரிக்க நிலையத்தாரே வசதி கருதி நியூசிலாந்து நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உரைகளை முன்பே பதிவு செய்து ஒரு வாரம் திறந்து வைத்து, எழுத்தில் கேட்கவும் எழுத்தில் பதில் சொல்லவும் விட்டால், நேரலையை நாளுக்கு இரண்டு மணி நேரமாகச் சுருக்கிவிடலாம். அந்த இரண்டு மணி நேரத்தின் தொடக்கம் நாளுக்கு எட்டு மணி நேரம் தள்ளிப் போனால், ஒவ்வொரு கண்டத்தாரும் முறைவைத்துத் தூக்கம் விழிப்பார்கள். 2026 மாநாடு ஓஸ்லோவுக்கு என்று ஒதுக்கியாயிற்று. அதற்கு அடுத்ததைத் திரைக்கு ஒதுக்கட்டும். நியூசிலாந்துக்காரரும் என் மாணவியும் அந்தப் பழைய கார்பனைப் பற்றி இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம்கூட ஒரு வரைபடம் வந்தது.