ஜவ்வு வளரும்னு சொல்லி விக்காதீங்க

மண்டபத்துல மூட்டுவலி முகாம் போட்டு, தேஞ்ச மூட்டு ஜவ்வு வளரும்னு சொல்லி குளுக்கோசமைன் கேப்சூல் டப்பா விக்கிற வீடியோவைப் பத்தி நான் எழுதினதுக்கு வந்த பதிலையெல்லாம் ராத்திரி உக்காந்து படிச்சேன். திட்டினதுகூட பரவால்ல. "பெத்த தாய்க்கு ஒரு டப்பா வாங்கித் தர மனசில்லாம அறிவியல் பேசுறீங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அதுக்கு அத்தனை லைக், அதுல ரெண்டு பேர் எங்க வீட்டுல சாப்பிட்டவங்க. அதனாலதான் மறுபடியும் எழுதுறேன்.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. தேஞ்ச ஜவ்வை இந்த கேப்சூல் திரும்ப வளர்க்கும்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. மைக் பிடிச்சு "மூணு மாசத்துல ஜவ்வு வளந்துடும், ஆபரேஷனே வேண்டாம்"னு சொல்றது பொய். அதுவும் வலி தாங்காம வந்து உக்காந்திருக்குற வயசானவங்ககிட்ட சொல்ற பொய்.

உடனே "எங்க மாமியாருக்கு கேட்டுச்சே"ன்னு வரீங்க. கேட்டிருக்கும், நான் இல்லைன்னே சொல்லல. அமெரிக்காவுல அரசாங்கக் காசுல முட்டி வலிக்காரங்க 1,583 பேரை வச்சு இந்த மாதிரி கேப்சூல்ல போடுற குளுக்கோசமைன், காண்ட்ராய்டின்ங்கிற ரெண்டு பொருளையும் ஆறு மாசம் சோதிச்சுப் பாத்து 2006-ல முடிவை வெளியிட்டாங்க. மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 100-க்கு 60 பேருக்கு வலி குறைஞ்சிருந்துச்சு. ரெண்டையும் சேத்து சாப்பிட்டவங்கள்ல 67 பேர். அது தற்செயலாவே வரக்கூடிய வித்தியாசம்தான். முட்டி வலி தினம் ஒரே மாதிரி இருக்காது, ஏறும் இறங்கும், தாங்கவே முடியாத அன்னைக்குத்தான் நாம டப்பா வாங்குறோம், அடுத்த மாசம் வலி அதுவா கொஞ்சம் இறங்கும்போது பேரு டப்பாவுக்குப் போயிடுது.

"அதே ஆய்வுல வலி ரொம்ப இருந்தவங்களுக்கு கேட்டுச்சுன்னு இருக்கே"ன்னு படிச்சவர் யாராச்சும் கேப்பீங்க. ஆமா, இருக்கு. ஆனா அது சின்ன குழு, அதை வச்சு முடிவு கட்டக் கூடாதுன்னு ஆய்வு பண்ணவங்களே சொல்லிட்டாங்க. 2019-ல அமெரிக்க மூட்டுவாத டாக்டர்கள் சங்கம் முட்டிக்கு இது ரெண்டுமே வேண்டாம்னு அழுத்தமா எழுதிடுச்சு. வேணும்னு அழுத்திச் சொன்னது எதைத் தெரியுமா? உடற்பயிற்சி, எடை குறைக்கிறது, மேல தடவுற வலி ஜெல். ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ பாரம் குறையுது. இதை எந்த மண்டபத்துலயும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இதுல விக்க ஒண்ணுமில்ல.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். அம்மா சுத்த சைவம், சோமவாரம் விரதம் இருக்கிறவங்க. டப்பா விக்க வந்த அக்காகிட்ட "இது சைவம்தானேம்மா"ன்னு ரெண்டு தரம் கேட்டாங்க. "ஹெர்பல்தாம்மா, பயப்படாம சாப்பிடுங்க"ன்னு பதில் வந்துச்சு. நான் ஊருக்குப் போனப்போ டப்பாவைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி மூலையில கடுகு சைஸ்ல பிரவுன் கலர் அசைவக் குறி. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டுல இருந்துதான் எடுக்குறாங்க. அதுக்குக் கீழயே "மருந்தாகப் பயன்படுத்த அல்ல"ன்னு இங்கிலீஷ்ல பொடி எழுத்து. தயாரிச்சவனே மருந்து இல்லைன்னு எழுதி வச்சிருக்கான்! அம்மா அன்னைக்கு சாப்பிடவே இல்ல. எங்க மேல கோவம்கூடப் படல, பூஜை ரூம்ல போய் உக்காந்துட்டாங்க.

இன்னொண்ணு இதைவிடக் கொடுமை. "ஜவ்வு வளர்ற நேரத்துல காலை ரொம்ப அசைக்காதீங்க"ன்னு சொல்லி, முகாமுக்கு வந்தவங்க பண்ணிட்டு இருந்த பிசியோ பயிற்சியையும் நிறுத்த வச்சிருக்காங்க. அசையாம இருந்தா தொடைத் தசை வத்தும், தசை வத்தினா பாரம் மொத்தமும் முட்டிக்குத்தான் வரும். காசு போனா போகட்டும், நடந்துட்டு இருந்தவங்களை சுவத்தைப் பிடிச்சு நடக்க வச்சுட்டாங்களே, இதை யார்கிட்ட போய் கேக்குறது?

"இங்கிலீஷ் மருந்து மட்டும் கிட்னியைக் கெடுக்காதா?" கெடுக்கும். வலி மாத்திரையை இஷ்டத்துக்கு வருஷக்கணக்கா போட்டா கிட்னியும் போகும், வயித்துல புண்ணும் வரும். அதுக்காக இயற்கைன்னா ஒண்ணும் செய்யாதுன்னு ஆயிடாது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க குளுக்கோசமைனையும் சேத்தா ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அந்த வீடியோவை முழுசா பாத்தேன், வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல.

மனசில்லைன்னு சொன்னவருக்கு: ராத்திரி பாத்ரூம் போக எந்திரிக்கும்போது அம்மா "முருகா"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றது பக்கத்து ரூம்ல படுத்திருக்குற எனக்குக் கேக்கும். கேட்டுட்டு சும்மா இருக்குறவ இல்ல நான். இப்போ தினம் பழைய புடவையைச் சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு, அதை அழுத்தச் சொல்லி, பத்து எண்ணி விடச் சொல்றேன். ஜவ்வு வளரல, வளரவும் வளராது. ஆனா கட்டில்ல இருந்து கை ஊணாம எந்திரிக்கிறாங்க.

அந்த அக்கா மேல கூட எனக்கு இப்ப அவ்வளவு கோவம் இல்ல. அவங்க ஒரு மணி நேரம் அம்மா பக்கத்துல உக்காந்து, முட்டியைத் தொட்டுப் பாத்து, எங்க வலிக்குதுன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி போன ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேவைத் தூக்கிப் பாத்துட்டு "வயசாயிடுச்சும்மா, தேய்மானம், அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி நிமிர்ந்துகூட பாக்காம அனுப்பிட்டாங்க. இந்தப் புடவை சுருட்டி வைக்கிற பயிற்சியை அங்க யாராச்சும் பத்து நிமிஷம் உக்காந்து சொல்லிக் கொடுத்திருந்தா, எங்கம்மா அந்த டப்பாவைக் கையாலகூடத் தொட்டிருக்க மாட்டாங்க.