பதினோராம் எண் கூண்டு

போன வாரம் என் கடைக்கு ஒரு போன் வந்தது. ரிப்பேருக்கு. சார்ஜ் போடும் ஓட்டைக்குள் உப்புத்தண்ணீர் போய்ப் பச்சை பிடித்திருந்தது. பாம்பனில் இது தினப்படி நடப்பதுதான். கடலுக்கே போகாத போனுக்குக்கூட இங்கே காற்றில் இருக்கிற உப்பு போதும். ஆனால் கொண்டுவந்தவர் என் தங்கை மாப்பிள்ளை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொன்னார்: "மச்சான், இது பிழைச்சாலும் சரி, செத்தாலும் சரி. இதை நம்பி இனிமே நான் வல்லத்தை இறக்க மாட்டேன்."

நடந்தது இதுதான். விடிகாலை மூன்று மணிக்குக் கரையில் நின்று வானிலை ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். மஞ்சளாக ஒரு சூரியன், பக்கத்தில் காற்றின் வேகம், எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறது. போய்விட்டார். எட்டு மணிக்கெல்லாம் வாடை எடுத்து அடித்திருக்கிறது. புயல் எல்லாம் இல்லை, ஆனால் வல்லம் மாதிரிச் சின்னப் படகுக்கு அது போதுமே. வலையில் பாதியை அறுத்துவிட்டுத்தான் திரும்ப முடிந்தது. மூன்று பேரும் முழுசாகக் கரை சேர்ந்தது மாதா புண்ணியம்.

போனை உலர்த்தி உயிர் கொடுத்ததும், நெட் போடாமல் அந்த ஆப்பைத் திறந்தேன். அதே சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. அடியில் எறும்பு சைஸ் சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி: கடைசியாகப் புதுப்பித்தது, முந்தின நாள் சாயங்காலம் 5.40. அவர் கரையில் நின்ற இடத்தில் அந்த நேரம் நெட் இல்லை. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அந்த ஆப் நேற்றைய வெயிலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எந்தக் கம்பெனி ஆப் என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் பார்த்தவரை மற்றதும் இந்த ரகம்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக ரேடியோ, எஸ்டிடி பூத் போன், வாக்கி, ஜிபிஎஸ், செல்போன் என்று எல்லாவற்றின் வயிற்றையும் கிழித்துப் பார்த்தவன் நான். தகவல் தொடர்பின் வரலாறு என்று புத்தகத்தில் போடுவது எல்லாம் யார் முதலில் கண்டுபிடித்தார், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்பதுதான். கடற்கரையில் இருக்கிறவனுக்கு அந்தக் கணக்கு ரெண்டாம்பட்சம். அவன் கேட்பது வேறு: லைன் அறுந்துபோனால் இந்தச் சாமான் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததிலேயே நல்ல பதில் வைத்திருப்பது எங்கள் துறைமுகத்துக் கம்பம்தான். 'பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று டிவியில் கீழே ஓடும்போது வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சாட்டிலைட் காலத்தில் கம்பத்தில் கூண்டா என்று. 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய மறு வருஷமே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அங்கே ஆரம்பித்த வழக்கம்தான். கப்பல்காரன் எந்தப் பாஷைக்காரனாக இருந்தாலும் உருளையையும் கூம்பையும் பார்த்துப் புரிந்துகொள்வான். ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றும் இரண்டும் தூரக் கடலில் இருப்பதைச் சொல்லும். மூன்றும் நாலும் என்றால் துறைமுகத்துக்கே காற்று வரலாம். ஐந்திலிருந்து பத்து வரை அபாயம், பெரிய அபாயம். புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கடக்குமா, அந்தப் பக்கமா, தலைக்கு மேலேயேவா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

பத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பதினொன்று ஒன்று உண்டு. அதற்கு அர்த்தம்: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இங்கே இருக்கிற அதிகாரி தன் கணிப்பில் வானிலை மோசமாகும் என்று நினைக்கிறார்.

இந்த வரிசையைப் போட்டவர் யாராக இருந்தாலும் அவர் கையில் ஒரு முத்தம் கொடுக்கலாம். கம்பி அறுவதும் ஒரு செய்திதான், அதுவும் பத்துக்கு மேலே வைக்க வேண்டிய செய்தி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தகவல் வரவில்லையே, அதனால் கூண்டை இறக்கிவிடு என்று சொல்லவில்லை. நேற்று ஏற்றியது அப்படியே தொங்கட்டும் என்றும் விடவில்லை.

தனுஷ்கோடியைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 1964 டிசம்பர் 22, புயல் ராத்திரி. நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பியது 653ஆம் எண் பாசஞ்சர் ரயில். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்த டிரைவர், நீளமாக விசில் கொடுத்துவிட்டு நகர்த்தினார் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அலை வந்தது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ரயில்வேக்காரர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வரும்படி எடை கட்டியிருக்கும். எரியாத விளக்கைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக, அன்றைக்கும் இருட்டான சிக்னல் 'நில்' என்றுதான் சொன்னது. ஆனால் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் ஒரு மணல் கோட்டின் மேல், அந்தக் காற்றில், எவ்வளவு நேரம் நிற்பது? பின்னால் போகலாமா, முன்னால் ஊர் இருக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் உண்டா? டிரைவர் மேல் பழி போடுகிறவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அந்த மணல் திட்டில் கம்பியும் தண்டவாளமும் ஒரே கோட்டில் போயின. கடல் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

அதே 1964 ஆகஸ்டில், அமெரிக்காவில் பால் பாரன் என்பவர் எழுதிய ஆய்வறிக்கைகள் வெளியாகின. அணுகுண்டு விழுந்து பாதி எக்ஸ்சேஞ்ச் அழிந்தாலும் மிச்சம் இருப்பவை எப்படிப் பேசிக்கொள்ளும் என்பதுதான் அவர் கவலை. அவர் சொன்ன வழி நம் வலையேதான். ஒவ்வொரு முடிச்சையும் பக்கத்து முடிச்சுகள் பலவற்றோடு கட்டு, செய்தியைச் சின்னச் சின்னத் துண்டாக்கு, ஒரு வழி அறுந்தால் வேறு வழியாகப் போகட்டும். வலை கட்டுகிற எவனுக்கும் இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணி போனால் மொத்த மீனும் போய்விடாது.

அப்புறம் 1969 அக்டோபர் 29. இன்றைய இண்டர்நெட்டின் முப்பாட்டனான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போன ராத்திரி. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் 'லாகின்' என்று அடிக்க ஆரம்பித்தார். எல் போனது. ஓ போனது. மூன்றாவது எழுத்தில் மறுமுனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எல் வந்ததா, ஓ வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? மறுமுனையில் இருந்தவரோடு சாதாரண டெலிபோனில் பேசிக்கொண்டேதான் அடித்தார்! இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த டெலிபோன்தான். புது வழி ஒன்றைத் திறக்கிறவன் ஒரு கையில் பழைய வழியையும் பிடித்திருந்தான்.

1971இல் ஹவாய்க்காரர்கள் செய்தது இன்னும் நமக்குப் பக்கம். அங்கேயும் தீவுகள், நடுவில் கடல், கேபிள் போட வசதியில்லை. நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு ரேடியோவிலேயே கம்ப்யூட்டர்களை இணைத்தது. பெயர் அலோஹாநெட். எல்லாரும் ஒரே அலைவரிசையில் கத்துவார்கள். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ரெண்டும் குழம்பிப் போகும். அதற்கு அவர்கள் கண்ட வழி: 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் போகவில்லை என்று எடுத்துக்கொள். ஆளுக்கொரு நேரம், சீட்டுக் குலுக்கின மாதிரி, கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. இந்த முறையில் அலைவரிசையின் மொத்தக் கொள்ளளவில் அதிகபட்சம் நூற்றுக்குப் 18 பங்குதான் உருப்படியாகப் பயன்படும், ஆனாலும் வேலை நடந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைக்கிற ஈதர்நெட்டுக்கு வித்து இதுதான்.

எங்கள் படகுகளில் விஎச்எஃப் வாக்கி பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். "கேக்குதா, கேக்குதா?" என்று ஒருவர். பதில் இல்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி "கேக்குதா?" ரெண்டு பேர் ஒன்றாக பட்டனை அழுத்தினால் வெறும் கீச்சுச் சத்தம். வீட்டில் இருக்கிற பெண்களுக்கு அந்தக் 'கேக்குதா'வே போதும், என்ன பேசினார்கள் என்பது அப்புறம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை இந்த எஞ்சினியர்கள் அறுபது வருஷமாக யோசித்து, மெஷினும் மெஷினும் பேசிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் அழகாகச் செய்துவைத்திருக்கிறார்கள். சர்வர்கள் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று அடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்லவில்லை என்றால் அடுத்தது வேலையை எடுத்துக்கொள்ளும். இத்தனையும் உள்ளே. வெளியே, ஸ்கிரீனுக்கு முன்னால், விடிகாலை மூன்று மணிக்கு ஒரு மனுஷன் நிற்கிறானே, அவனிடம் வரும்போது மட்டும் எறும்பு எழுத்து! வெறும் ஸ்கிரீனைக் காட்டினால் ஆள் வேறு ஆப்புக்குப் போய்விடுவானாம். அதனால் நேற்றைய சூரியனைத் தொங்கவிடு. ஒரு துறைமுக அதிகாரி நேற்றைய கூண்டை அப்படித் தொங்கவிட்டால் அவரைச் சும்மா விடுவோமா? மூன்று மணி நேரத்துக்கு மேல் பழசானால் படத்தை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் 'தெரியாது' என்று போடட்டும். ஒரு வார்த்தை. அதற்குச் சாட்டிலைட்டும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம்.

'அதான் அரசாங்க எச்சரிக்கை வருதே, மீன்துறை சொல்லுதே, 2016இலிருந்து எங்கள் ஊரிலேயே கடல் ஓசை எஃப்எம் இருக்கே' என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. கடல் ஓசையை நானும் கேட்கிறேன். ஆனால் போனைக் கையில் வைத்திருக்கிறவன் முதலில் போனைத்தான் பார்க்கிறான். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களுக்கு ஒரு பொறுப்பு இல்லையா? இதே போன் தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போனால் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு 'வருக வருக' என்று மெசேஜ் அனுப்பும். எங்கே இருக்கிறோம் என்பதே குழம்புகிற சாமானுக்கு, எனக்குத் தெரியாது என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

என் அப்பா வல்லத்தில் ஒரு டிரான்சிஸ்டரை பாலிதீன் பையில் சுற்றி வைத்திருப்பார். இலங்கை வானொலிப் பாட்டைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா குரலைப் பற்றியும்தான். நான் சொல்ல வந்தது பாட்டுக்கு நடுவில் வரும் கரகரப்பு. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் மீடியம்வேவ் கடலின் மேல் வழுக்கிக்கொண்டு வரும். அதனால்தான் கொழும்பு எங்களுக்கு மதுரையைவிடத் தெளிவாகக் கேட்டது. சிக்னல் பலவீனமானால் பாட்டு மங்கும், இரைச்சல் ஏறும். போய்க்கொண்டிருக்கிறேன் என்று ரேடியோவே சொல்லிவிட்டுத்தான் போகும். டிஜிட்டலில் அந்த மரியாதை கிடையாது. இருக்கும், இருக்கும், சட்டென்று இருக்காது.

அப்பா ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக் காதைக் கொடுப்பார். சடசடவென்று வெடித்தால் எங்கோ மின்னுகிறது என்று அர்த்தம். வெடிப்பு நெருங்கி நெருங்கி வந்தால் வலையை இழுக்கச் சொல்வார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத மனுஷன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் படித்தேன், 1895இல் ரஷ்யாவில் போபோவ் என்பவர் செய்து காட்டிய ரேடியோ கருவியே தூரத்து மின்னலைப் பிடிக்கத்தான் என்று. உலகத்தின் முதல் ரேடியோக்களில் ஒன்று செய்த வேலையை அப்பா வல்லத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறார்.

போன் சரியாகிவிட்டது. போர்ட் மாற்றினேன், காசு வாங்கவில்லை. மாப்பிள்ளை கிளம்பாமல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவோட அந்த ரேடியோ ஓடுமா மச்சான்?"

எடுத்துத் துடைத்தேன். பேட்டரி ஸ்பிரிங் துரு, வால்யூமில் கொரகொரப்பு. ரெண்டையும் சுரண்டி, புது செல் போட்டு, முள்ளை ஒரு ஓரத்தில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் ஒரு சடசட. ரெண்டு பேரும் வாசலுக்கு வந்து தென்கடல் பக்கம் பார்த்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"எங்கே மின்னுது?" என்றார்.

மறுபடி வெடிக்கட்டும் என்று வால்யூமைக் கூட்டி வைத்தேன்.