கூரை இல்லாத கோவிலுக்குள் காபி மெஷின் எதற்கு?

மும்பை அந்தேரியில் சீப்ஸ் (SEEPZ) என்கிற ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் வேலை பார்க்கிற நம் ஆட்களில் பாதிப் பேருக்கு, கம்பெனிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு போர்ச்சுகீசியர் காலத்துக் கத்தோலிக்கக் கோவில் நிற்பதே தெரியாது. யோவான் ஸ்நாபகர் கோவில், 1579-ல் சேசு சபையினர் கட்டியது. 1840-ல் கொள்ளைநோய் வந்து ஊரே பக்கத்து மரோலுக்கு நகர்ந்தபோது, சுரூபங்களைக் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது இருப்பது முகப்பும் சுவர்களும்தான். அப்புறம் 1973-ல் சீப்ஸ் வந்ததும் கோவில் வேலிக்குள் மாட்டிக்கொண்டது.

போன வாரம் ஆபீஸ் குரூப்பில் ஒரு தம்பி நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 13-ஆம் நூற்றாண்டுக் கோவில் ஒன்று புத்தகக்கடையாக இருக்கும் படத்தைப் போட்டு, "அண்ணே, நம்ம கோவிலையும் இப்படி கஃபே ஆக்கினா செமையா இருக்கும்" என்றான். படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே 1790-களில் பிரெஞ்சுப் படை வந்த காலத்திலேயே பூசை நின்றுபோய், இடையில் சைக்கிள் நிறுத்தும் இடமாகக்கூட இருந்து, 2006-ல்தான் கடை வந்தது. கூரையும் இருக்கிறது. இங்கே மே மாதத் திருவிழாவுக்கு ஈஸ்ட் இந்தியன் எனப்படும் மும்பையின் பூர்வீகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்னமும் வந்து, வானம் பார்த்த தரையில் நின்று பூசை காண்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் என்றாலும் ஆள் வருகிற வீட்டை எப்படிக் கைவிட்ட வீடு என்பது?

எனக்குக் கவலை சுவரைப் பற்றித்தான். இப்படிப்பட்ட சுவர்களில் கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் மேலே வெட்டிப் புண்ணியமில்லை, வேர் உள்ளே இருந்தால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதைவிட மோசம், விரிசல் கண்ட இடத்தில் சிமெண்டை அப்புவது. என் அப்பா தாராவியில் இருந்த நெல்லைக் கொத்தனார். "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும்லே, சிமெண்டப் பூசுனா ஈரம் உள்ளயே நின்னு கல்லு மாவா உதிரும்" என்பார். ஊரில் பழைய வீட்டில் ஒரு சிமெண்ட் ஒட்டைப் பெயர்த்துக் காட்டினார், பின்னால் செங்கல் நகத்தால் சுரண்டினாலே பொடியாக வந்தது.

ஆகவே முதல் செலவு சுண்ணாம்புக்கும் அதைக் குழைக்கத் தெரிந்த கைக்கும் போகட்டும். கூரை போட வேண்டாம், கண்ணாடிக் கதவு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டால், மரோல் பிள்ளைகள் அங்கே பாட்டுப் பழகலாம், நாமும் போய் உட்காரலாம். அதற்கு மேல் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது அந்த ஊர்க்காரர்கள், ஐடி கார்டு மாட்டிய நாம் இல்லை.

இவ்வளவையும் குரூப்பில் எழுதினேன். தம்பி கேட்டான், "அப்போ டீ?" கேட்டுக்கு வெளியே கடை இருக்கிறது, வாடா, நான் வாங்கித் தருகிறேன்.