வாங்கிய ராக் பாட்டுகள் அழிந்துவிடுமா?

ராக் பேண்ட் 4 என்பது, கிட்டார் வடிவ கன்ட்ரோலரைப் பிடித்து ராக் பாட்டுகளை வாசிப்பதுபோல ஆடும் வீடியோ கேம். ‘ராக் பேண்ட் 4-க்கு லைசென்ஸ் முடிந்துவிட்டது, காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளும் அழியப் போகிறது, கிட்டாரைத் தள்ளிவிடுங்கள்’ என்று சேலத்து கேம் பையன்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி நிஜம், மறுபாதி புரளி.

2015 அக்டோபரில் வந்த அந்த விளையாட்டு, பாட்டுகளுக்கான 10 ஆண்டு உரிமம் முடிந்ததால் 2025 அக்டோபரில் ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. நின்றது விற்பனை மட்டும்தான். ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி டவுன்லோட் செய்து ஆடலாம்.

உரிமம் வாங்குவதே பெரும்பாடு. பழைய ராக் பாட்டு ஒன்றுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: பாடலுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. இதே மாதிரி விளையாட்டான கிட்டார் ஹீரோ வரிசையில், 2005-ல் வந்த முதல் விளையாட்டில் பெரும்பாலும் வேறு ஆட்களை வைத்து வாசித்த பதிவுகள்தான். ஒரிஜினல் ஒலிப்பதிவுக்கான அனுமதி அதற்குத் தேவையில்லை.

சரி, புரளி எங்கிருந்து முளைத்தது? கிட்டார் ஹீரோ வரிசையில் பின்னால் வந்த கிட்டார் ஹீரோ லைவை இதோடு குழப்பியிருக்கலாம். அதில் 484 பாட்டுகள் சர்வரிலிருந்து ஓடின. 2018 டிசம்பர் 1-ல் சர்வரை மூடியதும் வட்டில் இருந்த 42 மட்டும் மிஞ்சின. வயிற்றெரிச்சல்தான், ஆனால் அது வேறு விளையாட்டு.

ஐந்து ரோட்டில் யாராவது அடிமாட்டு விலைக்குக் கிட்டாரைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எதற்கும், வாங்கிய பாட்டுகளை இப்போதே ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள்.