கார்பிஷெவ் மட்டும் தனியாகப் பனிச்சிலை ஆக்கப்பட்டாரா?

"சோவியத் பொறியாளர் படை ஜெனரல் திமித்ரி கார்பிஷெவை நாஜிகள் தனியே முற்றத்தில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றிப் பனிச்சிலையாக்கினார்கள்; ஹீரோ பட்டம் பெற்றிருந்தவருக்கு இந்தக் கதி!" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. பாதி உண்மை, பாதி தவறு.

ஆஸ்திரியாவின் மவுத்தவுசன் வதைமுகாமில் 1945 பிப்ரவரியில், கடும் குளிரில், நூற்றுக்கணக்கான கைதிகளை ஆடை களைந்து நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சிக் கொன்றார்கள். 64 வயது கார்பிஷெவ் அவர்களில் ஒருவர். அவரை மட்டும் தனித்துக் காட்டும்போது, உடன் மடிந்தவர்கள் பெயரில்லாமலே மறைந்துபோகிறார்கள். அதுதான் வேதனை. கல்லுக்குள்ளிருந்து எழுவதுபோல் அங்கே நிற்கும் அவரது உருவம் பின்னாளில் செதுக்கிய நினைவுச்சின்னம்.

சோவியத் ஒன்றியத்தின் ஹீரோ பட்டமும் உயிரோடிருந்தபோது கிடைத்ததல்ல. 1946 ஆகஸ்டில், மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அவருடைய உண்மையான வாழ்க்கைக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை. கோட்டை அரண்களிலும் கண்ணிவெடித் தடைகளிலும் பெயர்பெற்ற நிபுணர் அவர். 1941 ஆகஸ்டில், பெலாரஸில் முற்றுகையை உடைத்து வெளியேற முயன்றபோது, படுகாயமுற்று நினைவிழந்த நிலையில் பிடிபட்டார். அந்த அறிவுக்காகவே ஜெர்மானியர் அவரைத் தம் பக்கம் இழுக்கப் பலமுறை முயன்றார்கள். ஹாமெல்பர்க், மஜ்தானெக், ஆஷ்விட்ஸ் என முகாம் முகாமாக மாற்றியும், மூன்றரை ஆண்டுகள் அவர் இணங்கவே இல்லை.