கலைப் பாடத்தில் மதிப்பெண் கடைசிப் படத்துக்கு மட்டுமல்ல

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (O-Level) தேர்வின் கலைப் பாடத்தில் முடிந்த படத்துக்கு மட்டுமே மதிப்பெண், கைத்திறன் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பாடம் வீண் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்லங்க. படைப்போடு, அதற்கு முந்தைய ஆய்வு, வரைவுகள், பொருள்களைச் சோதித்துப் பார்த்த விதம் எல்லாம் சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன.

உயர்நிலைப் பள்ளியில் இதைச் சொல்லித்தரும் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே அதுதான். ஒரு மாணவி தன் அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்துச் செருப்பு அலமாரியைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். மை கசிந்து கெட்டுப்போன அச்சுப்படத்தையும் வரைவுத் தாளில் ஒட்டி, ஏன் கெட்டது என்று அருகிலேயே எழுதியிருந்தாள். அந்தத் தாளும் கணக்கில் வரும்.

சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழக இணையத்தளத்தில், பிள்ளை தேர்வெழுதும் ஆண்டுக்கான கலைப் பாடத்திட்டத்தைத் திறந்து, மதிப்பீட்டு நோக்கங்கள் பகுதியைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.